தூக்கி நிறுத்திய கலப்பை

பழைய டிராக்டரைப் பார்க்கப் போன இடத்தில் அவள் முதலில் செய்தது, எஞ்சின் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்ததுதான். சூடாக இருந்தது. குளிர்ந்து கிடக்கும் எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்று பார்த்தால்தான் அதன் உண்மையான வயது தெரியும். ஆள் வருகிறார்கள் என்று முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் எந்தக் கிழட்டு வண்டியும் சட்டென்று கிளம்பிவிடும்.

விற்பவர் செங்கல் சூளை நடத்துகிறவர். காலையில் ஒரு நடை கல் ஏற்றிப் போய் வந்ததாகச் சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் சக்கரத்தைப் பார்த்தார். அவள் கணவனோ, விடிந்ததும் விடியாததுமாக வேலைக்கு ஓட வேண்டியிருக்கிறதே என்று அவருக்காக வருத்தப்பட்டான். அவன் அப்படித்தான். யார் எது சொன்னாலும் முதலில் நம்பிவிட்டு, பிறகுதான் காதில் வாங்குவான்.

அவள் மடியில் இருந்த பை அவர்களுடைய இரண்டு கறவை மாடுகள். நேற்று வரை தொழுவத்தில் நின்றவை, இன்று ரூபாய்த் தாளாகப் பையில் இருந்தன. இது போனால் வேறு இல்லை. வாடகை டிராக்டருக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்து, முறை வருவதற்குள் ஈரம் காய்ந்து, இரண்டு வருடமாகப் பாதி நிலம் தரிசாகக் கிடந்தது. மழைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

ஆனால் அவளை உள்ளுக்குள் உலுக்கிக்கொண்டிருந்தது பணம் அல்ல. கணவனுக்கு ஒரு கண் மங்கல். அதனால் டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டவள் அவள். அவர்கள் நிலத்தில் பழைய வேர்கள் அதிகம். பத்து சால் ஓட்டுவதற்குள் கலப்பையின் கொழு முனைகளுக்கு நடுவே வேர் சிக்கிக்கொள்ளும். அவள் லிவரைத் தூக்கிக் கலப்பையை மேலே நிறுத்துவாள். பின்னால் நடந்து வரும் அவன் குனிந்து, தலையையும் தோளையும் அதற்கு அடியில் நுழைத்து, வேரை இழுத்துப் போடுவான். வாடகை வண்டியில் இப்படித்தான் செய்து பழக்கம். கலப்பையைத் தூக்கிப் பிடிக்கும் லிஃப்ட் நிற்காத வண்டியாக இருந்தால், அந்தக் கனம் அவன் மேல் இறங்கும். ஓட்டுகிறவள் அவளாக இருப்பாள். மூன்று இரவுகளாக இந்த ஒரு காட்சி அவளைத் தூங்கவிடவில்லை.

ஆகவே மற்றதையெல்லாம் மளமளவென்று பார்த்து முடித்தாள். ஆயில் கம்பியை உருவித் துடைத்துப் பார்த்தாள், தண்ணீர் கலக்கவில்லை. புகை கருப்பாக வந்தது, ஆயிலை எரிக்கும் எஞ்சின் போல நீலமாக வரவில்லை. ஓடிய மணி காட்டும் மீட்டர் செத்துப் போயிருந்தது. பழைய வண்டியில் அது சகஜம்தான் என்று சூளைக்காரர் சொன்னார். பிறகு அவள் கலப்பையை உயரத் தூக்கி நிறுத்தி எஞ்சினை அணைத்தாள். அரை மணி நேரம் கழித்து எங்கே நிற்கிறது என்று பார்க்கப் போவதாகச் சொன்னாள்.

சூளைக்காரர் எதையோ சொல்ல வந்து மென்று விழுங்கினார். பிறகு, "அதுக்குள்ள ஒரு டீ குடிக்கலாம் தங்கச்சி, பேப்பரையும் பாத்துடலாம்" என்றார்.

சூளை அறைக்குள் உட்கார்ந்து பார்த்த பத்திரங்களில் குறை இல்லை. வண்டியின் மேல் இருந்த கடன் அடைந்ததற்கான சீட்டும் இருந்தது. கணவன் மட்டும் சற்றுத் தாமதமாக உள்ளே வந்தான். அவன் உள்ளங்கையில் செம்மண் தூள் ஒட்டியிருந்தது. சூளை முற்றத்தில் யார் கையில்தான் ஒட்டாது என்று அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீ ஆறி ஏடு கட்டியது. கடவுளே, வேண்டாம் என்றால் வேண்டாம் என்று இப்போதே காட்டிவிடு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அரை மணி கழித்து வெளியே வந்து, சக்கரத்துக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தபோது, கலப்பை இரண்டு விரல் அளவுதான் இறங்கியிருந்தது. நல்ல வண்டியே அவ்வளவு இறங்கும். அவளுக்கு மூச்சு சீராக வந்தது. சூளைக்காரரும் கலப்பையை ஆச்சரியமாகப் பார்ப்பது போலிருந்தது. முன்பணமாக ஏதாவது கொடுத்தால் போதும் என்றார். அவள் பையின் வாரை அவிழ்த்தபடி, கணவனிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று திரும்பினாள். அவனைக் காணோம்.

பெரிய சக்கரத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு பாதங்கள் தெரிந்தன.

அவன் குப்புறப் படுத்திருந்தான். வலது கை தோள் வரைக்கும் கலப்பைக்கு அடியில் இருந்தது.

"என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. நாய் ஒண்ணு குட்டியோட நிழலுக்கு வந்து படுத்துச்சு. விரட்டினா எந்திரிக்கல, பால் குடுத்துட்டு இருந்துச்சு. சரி, பாவம்னு நடுவுல ரெண்டு கல்லை நிமுத்தி அடுக்கி வெச்சேன். இப்ப எடுக்கலாம்னா வரமாட்டேங்குது."

"வெக்கும்போது இடைவெளி இருந்துச்சா?"

"ரெண்டு விரல் இருந்துச்சு."

கலப்பை இறங்கவில்லை என்று அவள் சந்தோஷப்பட்டது அந்த இரண்டு செங்கல்லால். முழுக் கனமும் இப்போது அவற்றின் மேல் இருந்தது. மேல் கல்லின் குறுக்கே முடி போல ஒரு விரிசல் ஓடியிருந்தது. நாயும் ஒரு குட்டியும் வெளியே வந்துவிட்டன. இன்னொரு குட்டி அவன் கைக்குள் முனகிக்கொண்டிருந்தது.

"கையை வெளிய எடுங்க."

"எடுக்கத்தான் பாக்குறேன். சட்டை மாட்டிக்கிச்சு."

விலை பேசப் போகிறோம் என்று காலையில் அவளே எடுத்துக்கொடுத்த முழுக்கைச் சட்டை. கொழுவின் ஆணி ஒன்று அதைக் கவ்வியிருந்தது. அவன் இழுத்தபோது கல் நறநறவென்றது.

சூளைக்காரர் ஓடி வந்தார்.

"அண்ணே, அசையாதீங்க. அது சில நேரம் ஒரேயடியா விழும்."

தெரிந்தே விற்க வந்திருக்கிறாரே என்று கோபப்பட அவளுக்கு நேரமில்லை. எஞ்சின் ஓடாமல் லிஃப்ட் ஏறாது. இருக்கையில் ஏறிச் சாவியைத் திருகினாள். வண்டி இருமிவிட்டு அடங்கியது. மறுபடி திருகினாள். செல்ஃப் மோட்டார் மட்டும் சுற்றியது. பின்னால் திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை. இறைவனிடம் கேட்கக்கூட வார்த்தை வரவில்லை. மூன்றாவது முறை எஞ்சின் பிடித்துக்கொண்டது. லிவரைத் தூக்கினாள். ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. பிறகு கலப்பை முனகியபடி மேலே ஏறியது. அதே நேரத்தில் சூளைக்காரர் அவனுடைய இரண்டு கால்களையும் பிடித்துக் கட்டையை இழுப்பது போல இழுத்தார். சட்டை கிழியும் சத்தம் கேட்டது.

அவள் இறங்கி வந்தபோது அவன் மண்ணில் உட்கார்ந்து, குட்டியைத் தாயிடம் விட்டுக்கொண்டிருந்தான். மேல் கல் இரண்டு துண்டாகக் கிடந்தது.

"உங்க கல்லு நல்ல கல்லுங்க," என்றான் சூளைக்காரரிடம். "இவ்வளவு நேரம் தாங்கிச்சே."

சூளைக்காரர் தலையில் கைவைத்து அவன் எதிரே உட்கார்ந்துவிட்டார்.

"என் வீட்டு நாய்க்காக கல்லு வெச்சிருக்கீங்க. உங்ககிட்ட பொய் சொல்லி வித்தா எனக்கு நல்ல சாவு வராதுண்ணே" என்றார்.

பிறகு யாரும் கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னார். காலையில் கல் ஏற்றப் போகவில்லை, சூடாக்கத்தான் ஓட்டினார். லிஃப்டின் உள்பாகங்கள் தேய்ந்து ஆறு மாதமாகிறது. ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் தனியாக இருக்கும் இரண்டு பிரேக் மிதிகளையும் சேர்த்துப் பிடிக்கும் கொக்கி உடைந்து, கம்பியால் கட்டியிருக்கிறார். சாலையில் அந்தக் கம்பி அறுந்தால் ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி கவிழ்ந்துவிடும். எஞ்சின் ஆறினால் கிளம்பச் சற்று அடம்பிடிக்கும், மற்றபடி அதில் குறை கிடையாது. சூளையில் வேலை செய்தவர்களுக்கு மூன்று மாதக் கூலி பாக்கி, அதனால்தான் மனசாட்சியை ஓரம் கட்டி வைத்தேன் என்றார்.

அவள் உடைந்த கல்லைப் பார்த்தாள். இப்படியே விட்டுவிட்டுப் போனால் அடுத்து வருகிறவன் கல் வைக்க மாட்டான். வாங்கிக்கொண்டு போனால் பழுது பார்க்கும் செலவுக்கு மாடும் இல்லை. எஞ்சின் நல்லது என்று இந்த மனிதர் சொல்வதை மட்டும் ஏனோ நம்பத் தோன்றியது. அவள் பையின் வாரைத் திரும்பக் கட்டினாள்.

"லிஃப்டையும் பிரேக்கையும் நீங்களே சரி பண்ணுங்கண்ணே. நாங்க ஒரு நாள் காலையில சொல்லாம வருவோம். மறுபடியும் அரை மணி தூக்கி நிறுத்திப் பாப்போம். கல்லு இல்லாம. அது வரைக்கும் பணம் கிடையாது."

"சரி தங்கச்சி. அது வரைக்கும் வேற யாருக்கும் காட்ட மாட்டேன்."

பத்து நாளில் அது முடியாது என்று மூவருக்கும் தெரியும். இந்த மழைக்கும் வாடகை வண்டிக்குத்தான் சொல்ல வேண்டும். பாதி நிலம் மறுபடி காயும்.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். பாதி வழியில் அவள் சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவன் பக்கத்தில் நின்று அவள் மேல் வெயில் படாமல் மறைத்தான்.

"நீ திட்டுவேன்னுதான் தெரியாம எடுத்துடலாம்னு பாத்தேன்" என்றான்.

"வாடகை வண்டியில இத்தனை வருஷமா அடியில தலையைக் குடுத்தீங்களே. அப்ப ஒரு கல்லு வெக்கணும்னு தோணலையா?"

அவன் யோசித்தான். "எனக்குத் தோணலம்மா" என்று உண்மையைச் சொன்னான்.

அவள் அவனுடைய வலது கையை வாங்கி மடியில் வைத்து, கிழிந்த சட்டையை மேலே சுருட்டி, ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டிப் பார்த்தாள். பஸ் வந்து நின்றது. நடத்துனர் எட்டிப் பார்த்து ஏறுகிறீர்களா என்று கேட்டார். அவள் கையை விடாமலே எழுந்தாள்.