மூன்றாம் குழுவின் தம்பி

என் வாப்பாவின் பெயர் முஹம்மது தம்பி. அந்தப் பெயரால் நான் பட்ட கரைச்சலை எழுதினால் ஒரு கொப்பி நிறையும். எங்கள் வழக்கப்படி வாப்பாவின் பெயர் முன்னால் வரும், பிள்ளையின் பெயர் பின்னால் வரும். அடையாள அட்டையில் நான் முஹம்மது தம்பி இன்பாஸ். வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ முழுப் பெயரையும் வாசிக்கப் பொறுமையில்லாத யாராவது நடுவில் இருக்கிற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு "தம்பி" என்று கூப்பிடுவார்கள். வாங்கில் இருக்கிற பத்துப் பேர் எழும்புவார்கள். நான் மட்டும் எழும்ப மாட்டேன். அது என் பெயரில்லை என்று ஒரு பிடிவாதம். இந்தப் பிடிவாதத்தால் இரண்டு தடவை என் முறை தவறியிருக்கிறது.

வாப்பாவிடம் இதைச் சொல்ல முடியாது. மூதூர் இறங்குதுறையடியில் படகு எஞ்சின் திருத்துகிறவர் அவர். கோபம் வந்தால் கையில் இருக்கிற ஸ்பானர் சாவியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசுவார். படிவத்தில் எம்.ரி. இன்பாஸ் என்று சுருக்கி எழுதினால் அவருக்குப் பிடிக்காது. எழுத்தைச் சுருக்கினால் ஆளையும் சுருக்கிவிடுவார்கள் என்பது அவருடைய கட்சி. ஆகவே கொழும்பிலிருந்து ஒரு தொழில்முறை உதைபந்தாட்டக் கழகம் திருகோணமலைக்கு வந்து வீரர்களைத் தெரிவு செய்யப்போகிறது என்று அறிவித்தபோது, படிவத்தை வாப்பாவே தன் கையால் நிரப்பினார். பெயரை முழுசாக எழுதினார்.

எனக்கு அது கடைசிச் சந்தர்ப்பம். வயது எல்லை இருபத்துமூன்று. அடுத்த மாதம் எனக்கு இருபத்துநான்கு. தெரிவானால் மூன்று மாதம் கொழும்பில் பயிற்சி, பிடித்துப்போனால் ஒப்பந்தம். தெரிவாகாவிட்டால் வாப்பாவோடு எஞ்சின் கழற்றிப் பூட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் கடற்கரையில் பந்தடிக்கலாம். அதுவும் மோசமான வாழ்க்கை இல்லை. ஆனால் பத்து வயதிலிருந்து நான் அதற்காகவா ஓடினேன்?

அன்று காலை நகரத்து மைதானத்தில் நூற்று அறுபது பேர் நின்றோம். இலக்கம் போட்ட மேற்சட்டை நாற்பதுதான் கொண்டுவந்திருந்தார்கள். முதல் குழு கழற்றிக் கொடுக்க அடுத்த குழு போட்டது. இரண்டாம் குழு முடிவதற்குள் யாருக்கு எந்த இலக்கம் என்பது ஆண்டவனுக்கு மட்டும்தான் தெரியும். ஒருவனுக்கு ஏழு, அவனுடைய நண்பனுக்கும் ஏழு. ஓரத்தில், நகரத்துக்குள் சுற்றித் திரிகிற மான்கள் இரண்டு புல் மேய்ந்துகொண்டிருந்தன. அவை மட்டும் குழப்பமில்லாமல் இருந்தன.

பயிற்றுநர் சிங்களவர், ஐம்பது வயதிருக்கும், நல்ல மனிதர். அவருக்குத் தெரிந்த தமிழ் ஒரே ஒரு சொல். அது எது என்று யாரும் ஊகிக்கலாம். பந்தை நன்றாகக் கொடுத்தாலும் "தம்பி", தவறவிட்டாலும் "தம்பி". கொழும்பில் எங்கள் ஆட்களைப் பார்த்துச் சிலர் அந்தச் சொல்லை வேறு ருசியில் சொல்வதுண்டு. இவர் அப்படிச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் கடைக்காரன் சொல்வதுபோலத்தான் சொன்னார். அவருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, மடியில் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு இளம் பெண் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். கழகத்துச் செயலாளராம். அவளுக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது, அந்த ஒரு சொல்கூட.

நான் மூன்றாம் குழு. வலது பின்களம். என் பக்கத்தால் யாரும் பெரிதாக வரவில்லை, வந்தவர்களையும் நிறுத்தினேன். மோசமில்லை என்று சொல்லலாம். ஆனால் அந்த அரை மணித்தியாலமும் ஜக்சனுடையது. உப்புவெளி நிக்கலஸின் மகன், தகப்பனோடு கடலுக்குப் போகிறவன். இரண்டு வருஷத்துக்கு முன்னம் ஒரு இறுதிப் போட்டியில் என் கால்களுக்கு நடுவால் மூன்று தடவை பந்தை விட்டவன். மூதூரில் இன்னமும் அதைச் சொல்லி என்னைப் பகிடி பண்ணுகிறார்கள். அவனை எனக்குப் பிடிக்காது, அதை மறைக்கவும் மாட்டேன். அன்று நல்லகாலம் என் பக்கத்து அணியில் இருந்தான். இடது காலால் மூலையிலிருந்து வளைத்து ஒரு கோல், பெட்டிக்கு வெளியிலிருந்து இன்னொரு கோல். பயிற்றுநர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "தம்பி! அர தம்பி!" என்று செயலாளரின் தோளில் தட்டினார். அந்தத் தம்பி, எழுதிக்கொள் என்று அர்த்தம்.

அவளும் எழுதிக்கொண்டாள்.

இரண்டரை மணிக்குத் தெரிவானவர்களை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். நான்கு பேர். மூன்றாவதாக "முஹம்மது தம்பி" என்று கேட்டது. நான் வழக்கம்போல அசையாமல் நின்றேன். "முஹம்மது தம்பி இன்பாஸ், மூன்றாம் குழு" என்று திரும்ப வாசித்தபோதுதான் ஒரு அடி முன்னால் வைத்தேன். பக்கத்தில் நின்றவர்கள் முதுகில் அடித்தார்கள். ஜக்சன் தூரத்தில் சப்பாத்தைக் கழற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துக் கையை உயர்த்திக் காட்டிவிட்டு வாசலால் போய்விட்டான். அதில் பொறாமை இருந்ததாகத் தெரியவில்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

வாப்பாவுக்குப் போன் எடுத்தேன். எஞ்சின் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. என்ன பேர் சொல்லி வாசித்தார்கள் என்றுதான் முதலில் கேட்டார். சொன்னேன்.

"என்ட பேரையா மைக்கில வாசிச்சானுகள்?" என்றார். "முழுசாவா?"

"ஓம் வாப்பா. முழுசா."

அல்ஹம்துலில்லாஹ் என்றார். குரல் உடைந்திருந்தது. நான் பிறந்ததிலிருந்து அவர் அழுது கேட்டதில்லை. எனக்கும் கண் கலங்கியது.

அதோடு நின்றிருந்தால் நான் இப்போது கொழும்பில் இருந்திருப்பேன். செயலாளர் கையொப்பம் வைக்கக் கூப்பிட்டாள். பயிற்றுநர் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். என் பெயருக்கு நேரே ஆங்கிலத்தில் இரண்டு வரி. எனக்கு ஆங்கிலம் எஞ்சின் புத்தகம் வாசிக்கிற அளவுக்குத் தெரியும். இடது கால். இரண்டு கோல். மூலையிலிருந்து வளைத்து அடிக்கிறான். என் இடது கால் ஏணியில் ஏறுவதற்கு உதவும், அவ்வளவுதான்.

உடனே விளங்கியது. பயிற்றுநர் காட்டிய தம்பியின் இலக்கம் அவளுக்குத் தெரியவில்லை, முகமும் பிடிபடவில்லை. தம்பி என்பது அவனுடைய பெயர் என்று நினைத்துப் பட்டியலில் தேடியிருக்கிறாள். மூன்றாம் குழுவில் தம்பி என்று பெயருள்ளவன் நான் ஒருவன்தான். பாவம், அவள் ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறாள்.

நான் கையொப்பம் வைத்தேன். அதையும் மறைக்கமாட்டேன். வைத்துவிட்டு அடையாள அட்டையைப் போட்டோக்கொப்பி எடுக்க வீதிக்கு அந்தப் பக்கம் போனேன். நான்கு மணிக்கு வான் வெளிக்கிடும், அதற்குள் கொப்பி கொடுக்கவேண்டும். கடைக்காரன் கரண்ட் வரட்டும் என்றான். நின்றேன். நின்ற நேரத்தில்தான் எல்லாச் சனியனும் மூளைக்குள் வந்தது.

நான் நல்லவன் என்பதற்காக யோசித்தேன் என்று நினைக்கவேண்டாம். மூன்று மாதம் கொழும்பில் இருந்தால் வலது பின்களத்தில் என்னைப் பிடித்துப்போகாதா? போகலாம். ஆனால் முதல் நாளே பந்தைக் கொடுத்து, தம்பி, அன்றைக்குப் போல இடது காலால் அடி என்று அந்த மனிதர் சொல்வார். வாயால் பொய் சொல்லலாம், காலால் எப்படிச் சொல்வது? அதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்று இருந்தது. வாழ்நாள் முழுக்க அந்தச் சொல்லுக்கு எழும்பாமல் இருந்தவன் நான். எனக்கில்லாத கூப்பாட்டுக்கு எழும்பி, இன்னொருவனின் கோல் இரண்டையும் என் வாப்பாவின் பெயரில் எழுதுவித்திருக்கிறேன்.

கரண்ட் வந்தது. கொப்பி எடுக்காமல் திரும்பி வந்தேன்.

பயிற்றுநர் வேப்ப மரத்தடியில் நின்றார். என் சிங்களம் சந்தைச் சிங்களம். எப்படி விளக்குவது என்று வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு போனது வாயில் வரவில்லை. கடைசியில் வந்தது இதுதான்:

"சேர், மம தம்பி. ஹெபய் அர தம்பி மம நெவெய்."

நான்தான் தம்பி, ஆனால் அந்தத் தம்பி நானில்லை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வெயிலில் மூளை பிசகிவிட்டதென்று நினைத்திருப்பார். நான் நெஞ்சைத் தொட்டு இது வாப்பாவின் பெயர் என்றேன். பிறகு மைதானத்தில் மிச்சம் நின்றவர்களைச் சுற்றிக் காட்டி இவனும் தம்பி, அவனும் தம்பி, எல்லாரும் தம்பி என்றேன். இடது காலைத் தூக்கிக் காட்டி இல்லை என்று தலையாட்டினேன். செயலாளர் பட்டியலைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள், முகம் சிவந்தது. அவர் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். அப்படியென்றால் அந்தப் பிள்ளை எங்கே என்றார்.

நான் பெயரைச் சொல்ல, படிவத்தில் இருந்த ஜக்சனின் எண்ணுக்கு அடித்தார்கள். யாரும் எடுக்கவில்லை. நான்கு மணிக்குமேல் நிற்க ஏலாது என்றார் பயிற்றுநர். நேரம் மூன்றேகால். நான் ஓட்டோ ஒன்றை மறித்து உப்புவெளிக்குப் போனேன். என் பகைவனைத் தேடி என் செலவில்.

கரையில் தகப்பனோடு வலை தட்டிக்கொண்டிருந்தான். சப்பாத்து மணலில் கிடந்தது. விஷயத்தைச் சொன்னேன். நிக்கலஸ் வலையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். ஜக்சன் நம்பவில்லை.

"நீ ஏன் இதைச் சொன்னனீ?" என்றான். "நான் அறிஞ்சிருக்க மாட்டன்."

"உன்ட காலுக்கு என்ட வாப்பாட பேரை எழுதியிருக்கானுகள். எனக்குக் கோவம் வராதா? ஏறு."

வெறுங்காலோடு ஏறினான், செதில் ஒட்டிய கையோடு. மூன்று ஐம்பதுக்கு மைதானத்தில் இறங்கினோம். வான் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பயிற்றுநர் ஒரு பந்தை மூலையில் வைத்து, அடி என்று கையால் காட்டினார். வெறுங்காலால் அடித்தான். பந்து வெளியே போவதுபோலப் போய் வளைந்து தூர மூலைக்குள் விழுந்தது. இவன்தான் என்றார் பயிற்றுநர்.

செயலாளர் அடிமட்டம் வைத்து என் பெயரை வெட்டினாள். நேர்த்தியாக, முஹம்மதுவில் தொடங்கி இன்பாஸ் வரை ஒரே கோடு. அதைப் பார்த்துக்கொண்டு நின்றது கஷ்டமாகத்தான் இருந்தது. வலது பின்களத்துக்கு ஏற்கெனவே ஆள் எடுத்தாயிற்று என்று பயிற்றுநர் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். பிறகு என் பெயர் என்ன என்று கேட்டார். இன்பாஸ் என்றேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். வான் போய்விட்டது.

மூதூர் பஸ்ஸில் வாப்பாவுக்குப் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். சரி, வா என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். கிண்ணியாப் பாலம் தாண்டும்போது எனக்கு ஆத்திரம் வந்தது. ஜக்சன் மேல், அந்தப் பெண் மேல், வாப்பாவின் உம்மாவும் வாப்பாவும் அவருக்கு வேறு பெயர் வைக்காததன் மேல். முன் சீற்றின் சாய்மானத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். இருபத்துமூன்று வயதில் பஸ்ஸில் அழுவது வெட்கம்தான். பக்கத்தில் இருந்தவர் யன்னலைப் பார்த்துக்கொண்டார்.

முதல் போன் வந்தவுடனேயே வாப்பா ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தார். தரிப்பிடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். காக்கா என்று நாங்கள் மரியாதையாகக் கூப்பிடுகிற பக்கத்துக் கடை கலீலுர் றஹ்மானின் கையில் தொதல் இனிப்புப் பெட்டி. என் பெயர் வெட்டுப்பட்டதை வாப்பா அவர்களுக்கு இன்னும் சொல்லவில்லை என்பது இறங்கியவுடனேயே விளங்கியது. உடுப்பில் கிறீஸ் படிந்தபடி முன்னால் வந்தார். என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பொடியன் உன்னைவிடக் கெட்டிக்காரனா?"

"ஓம் வாப்பா."

தலையாட்டினார். காக்கா பெட்டியைத் திறந்துகொண்டு, முஹம்மது தம்பியின் பெயரை மைக்கில் வாசித்தார்களாமே என்று சத்தமாகத் தொடங்கினார். வாப்பா திரும்பினார்.

"அது பிழையா வாசிச்ச பேர்," என்றார். "திருத்திக் குடுத்திட்டு வாறான்." பிறகு என் தோளில் கையை வைத்து அவர்களுக்கு என்னைப் புதிதாக அறிமுகப்படுத்துவதுபோலச் சொன்னார்:

"இவன் இன்பாஸ்."