சுருதி சேராத மெஷின்

மாபெரும் கலைஞன் ஒருவன் விடைபெறும் நாளில் உலகம் ஒரு கணம் மூச்சை அடக்கி நிற்கும். மகன் இதை இரங்கல் உரைக்கென்று முந்தின நாளே எழுதிவைத்து, நன்றாக வந்திருக்கிறதா என்று இரண்டு பேருக்குப் படித்தும் காட்டியிருந்தான். மாபெரும் கலைஞர் இன்னும் சாகவில்லை. மாடியறைக் கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தபடி, மூக்கில் மாட்டியிருந்த ஆக்சிஜன் குழாயை விரலால் தள்ளிவிட்டு, "சனியன், சுருதியே சேரல" என்று திட்டிக்கொண்டிருந்தார்.

மகள் தரையில் மண்டியிட்டு, ஆக்சிஜன் மெஷினுக்கு அடியில் மடித்த போர்வையைத் திணித்தாள். காலையிலிருந்து இது மூன்றாவது போர்வை.

"இப்ப எப்படிப்பா இருக்கு?"

"எப்படி இருக்கும்? அப்படியேதான் இருக்கு. உனக்குக் கேக்கலையா?"

"கேக்குது."

"என்ன சுருதி? சொல்லு பாப்போம்."

 அப்பாவிடம் சுருதி சொல்லி மாட்டிக்கொள்வதை எப்போதோ விட்டுவிட்டாள். குழாயை மறுபடி மூக்கில் பொருத்தி, காதுக்குப் பின்னால் இழுத்துவிட்டாள்.

அப்பா வயலினும் கித்தாரும் செய்கிறவர். பக்கத்து அறைதான் பட்டறை. பின்னல் போட்ட காலத்திலிருந்தே அவள் அங்கே கூடமாட வேலை செய்தவள். மரம் அறுப்பது, இழைப்பது, வளைப்பது எல்லாம் அவள். தட்டிக் கேட்டு "ம்" சொல்வது அப்பா. கருவியின் உள்ளே ஒட்டும் காகிதத்தில் அப்பாவின் கையெழுத்து மட்டும் இருக்கும். அதில் அவளுக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இருந்ததில்லை, வலது மணிக்கட்டு வீங்குகிற வரைக்கும். எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இனிமே கையால மரம் அறுத்தீங்கன்னா, அப்புறம் இந்தக் கையால சட்டை பட்டன்கூடப் போட முடியாது" என்றார். மெஷின் வாங்க வேண்டும், இல்லையென்றால் இந்த வேலையை விட வேண்டும். அவளுக்கு வேறு வேலை தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

பட்டறை மாடியில் ஒரு சின்ன அறை. ஒரே ஒரு பெரிய பிளக் பாயிண்ட். அதனால் தரையில் நிற்கும் ராட்சச மெஷின்கள் ஆகாது. மேசைமேல் உட்காரும் சின்ன மெஷின்களாகப் பார்த்து, அவள் மாதக்கணக்கில் அலசினாள். மரம் அறுக்க ஒரு பேண்ட் சா. அகலமான பலகையை நிமிர்த்தி வைத்து மெல்லிசாகப் பிளக்கிற அளவுக்கு அதற்கு உயரம் வேண்டும். துளை போட ஒரு டிரில். அதன் தூண் தள்ளி இருந்தால்தான் கித்தார் தலையின் நடுவரைக்கும் முனை எட்டும். இடுப்பு வளைவைத் தேய்க்க, நட்டுக்குத்தலாகச் சுழலும் ஒரு சாண்டர். மூன்றையும் வைத்தால் மேசையில் கை ஊன்ற இடம் மிச்சம் இருக்குமா என்று செய்தித்தாளை வெட்டிப் பரப்பிப் பார்த்தாள். இருந்தது.

அப்பா ஒரே ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். "மெஷின் ஓடுற ரூம்லதான் நாம மரத்தைத் தட்டிக் கேக்கணும். சுருதி சேராத சத்தம் காதுல ஏறிடுச்சுன்னா அப்புறம் மரம் பேசுறது கேக்காது. நான் கேட்டுச் சொல்றேன், அப்புறம் வாங்கு." அண்ணன் கல்லூரி முதல்வர். இந்த வாசகத்தை அன்றே குறித்துக்கொண்டு, மூன்று ஆண்டுவிழாக்களில் பயன்படுத்தினான்.

மெஷின் கடைக்கு அப்பா போகும்போதெல்லாம் அங்கே வேலை நின்றுவிடும். விற்பனையாளர் ஒவ்வொரு மெஷினாக இறக்கி, பிளக் சொருகி, ஓடவிடுவார். அப்பா கண்ணை மூடி, காதுக்குப் பக்கத்தில் கையைக் குவித்து நிற்பார். பிறகு "ம்ம்ம்" என்று மெல்லிசாக ஒரு சுருதியை இழுத்து, தலையை ஆட்டுவார். "இதுவும் அதே. சேரல."

"சார், இது வேற கம்பெனி சார்."

"கம்பெனி வேறயா இருக்கலாம். புத்தி ஒண்ணுதான்."

கடையில் அவருக்கு "சங்கீதம் சார்" என்று பேர் விழுந்தது. கேலி பாதி, பயம் பாதி.

அவளுக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. அவள் காதுக்கு டிரில் கொஞ்சம் கீச்சென்று இருந்தது; பேண்ட் சா அடிவயிற்றிலிருந்து முனகியது; சாண்டர் இரண்டுக்கும் நடுவில். அப்பாவோ எல்லாவற்றுக்கும் ஒரே சுருதியை இழுத்தார். ஒருநாள் கடையிலேயே மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "அது இல்லப்பா, இது கொஞ்சம் கீழ கேக்குது."

"உனக்குக் காது பத்தல" என்றார் அப்பா, கடை முழுக்கக் கேட்கும்படி.

அவள் நம்பினாள். அப்பா சொன்னால் இருக்கும். அதற்குப் பிறகு அப்பா இல்லாதபோது பலகையைத் தட்டிப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டாள். மணிக்கட்டில் இறுக்கமாகப் பட்டை கட்டிக்கொண்டு, வலிக்க வலிக்கக் கையாலேயே அறுத்தாள். இதோ, அப்பா படுத்துவிட்டார். மேசைமேல் செய்தித்தாள் துண்டுகள் மட்டும் இருந்தன.

மதியம் ஆக்சிஜன் மெஷினின் வடிகட்டியைக் கழுவ வேண்டியிருந்தது. குழாயைச் சிலிண்டருக்கு மாற்றிவிட்டு, மெஷினை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கினாள். அறை திடீரென்று காலியானது போல இருந்தது. கீழே அண்ணன் போனில் பேசுவது தெளிவாகக் கேட்டது. "நாற்காலி நூறு போதும். மைக் மட்டும் நல்லதாப் பாத்து வைங்க. போன தடவை மாதிரி இரையக் கூடாது."

அவள் வடிகட்டியைக் கழுவி உதறிக்கொண்டு வந்தபோது அப்பா கண்ணைத் திறந்தார்.

"அதை நிறுத்தித் தொலையேன்."

"எதைப்பா?"

"மெஷினை."

"நிறுத்தித்தான் இருக்கு."

"பொய் சொல்லாத. ஓடுது. காது இல்லாதவ மாதிரி நிக்கிற." மூச்சைச் சேர்த்துக்கொண்டு, "ம்ம்ம்" என்று இழுத்துக் காட்டினார். பாதியில் இருமல் வந்தது. ஆனால் சுருதி பிசகவில்லை. கடையில் ஒவ்வொரு மெஷின் முன்னாலும் இழுத்த அதே சுருதி.

அவள் தரையில் கிடந்த பிளக்கை எடுத்து அவர் முகத்துக்கு நேரே காட்டினாள். அப்பா பிளக்கைப் பார்த்தார். ஒயர் போகிற வழியே கண்ணை ஓட்டி, மெஷினைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

"இப்பவும் கேக்குதாப்பா?"

"ம்."

"எப்பலேர்ந்து?"

 அப்பா ரொம்பச் சாதாரணமாக, பக்கத்து ஊர்க்காரரிடம் பஸ் நேரம் கேட்பது போலக் கேட்டார். "எல்லாருக்கும் இருக்கும்ல? உள்ள ஒரு சத்தம், எப்பவும்?"

அவள் கையில் இருந்த வடிகட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இல்லைப்பா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தனை மெஷினும் சரியாகத்தான் இருந்திருக்கின்றன. அவள் காதும் சரியாகத்தான் இருந்திருக்கிறது. அப்பாவே தன் வாயால், "சரி, வாங்கிக்கோ" என்று சொல்லிவிடுவார். அதற்காகத்தானே இவ்வளவு நாள் மணிக்கட்டைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"இருக்கும்பா" என்றாள். "எல்லாருக்கும் இருக்கும்."

"அதான பாத்தேன்." முகம் இளகியது. பிறகு மறுபடி நெற்றி சுருங்கியது. "அப்ப அந்தக் கடைல நாம பாத்ததெல்லாம்..."

"அதெல்லாம் மட்டமான மெஷின்பா. நீங்க சொன்னது சரிதான்."

அப்பா தலையைத் திருப்பி அவளையே பார்த்தார். அந்தப் பார்வையை அவளால் படிக்க முடியவில்லை. "மட்டம்தான்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவள் வடிகட்டியைப் பொருத்தி, குழாயை மாற்றி, மெஷினை மறுபடி ஓடவிட்டாள்.

விளக்குப் போடுவதற்கு முன்னால் உயிர் போய்விட்டது. அவள் எழுந்து மெஷினை நிறுத்தினாள். இந்தத் தடவை யாரும் குறை சொல்லவில்லை.

மறுநாள் காலை வீட்டு முற்றத்தில் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. அண்ணன் மைக்கைப் பிடித்தான். உலகம் மூச்சை அடக்கி நிற்பதில் தொடங்கி, அப்பாவின் செவிக்கு வந்து சேர்ந்தான். "அது செவியல்ல, தராசு! உலகத்தின் அத்தனை எந்திரங்களையும் நிறுத்துப் பார்த்து, போ என்று தள்ளிய தராசு! மகனாக, இதோ அவர் காலடியில் நின்று வாக்களிக்கிறேன். எங்கள் பட்டறைக்குள் ஒருநாளும் எந்திரத்தின் நிழல் விழாது!" மரத்தூள் பட்டால் தும்மல் வரும் என்று அண்ணன் பட்டறைக்குள் காலெடுத்து வைத்தே பல வருஷம் ஆகிறது. கூட்டத்தில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மைக் இரைந்துகொண்டே இருந்தது.

அவள் சுவரோரம் நின்றாள். மெஷின் கடை விற்பனையாளர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் வந்தார். கடைச் சட்டையோடே வந்திருந்தார். நிஜமாகவே அழுதார்.

"இனிமே நான் யாருக்கு மேடம் ஓட்டிக் காட்டுவேன்? ஒண்ணு வாங்கினதில்ல. ஆனா சார் வந்துட்டுப் போனா கடைக்கே ஒரு மரியாதை."

"முதல்ல ஒரு பேண்ட் சா காட்டினீங்களே, பச்சை கலரு, மேசைமேல வைக்கிறது. இருக்கா?"

அவர் மூக்கை உறிஞ்சுவதைப் பாதியில் நிறுத்தினார். "இருக்கு மேடம். ஆனா அது சார் வேண்டாம்னுட்டாரே."

"நாளைக்குக் காலைல அனுப்புங்க. மத்த ரெண்டையும் அப்புறம் சொல்றேன்."

"நாளைக்கேவா?" அவர் அப்பா கிடந்த பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "கொஞ்ச நாள் போகட்டுமே."

"நாளைக்கு."

"எதுக்கும் ஒரு தடவை ஓட்டிக் கேட்டுட்டு..."

"கேட்டாச்சு" என்றாள். "அன்னைக்கே கேட்டுட்டேன்."

பெட்டி மறுநாள் காலை வாசலில் வந்து இறங்கியது. அண்ணன் துண்டோடு வெளியே வந்து, பெட்டிமேல் இருந்த படத்தைப் பார்த்து அதிர்ந்து நின்றான்.

"என்ன பாப்பா இது? நேத்து அவ்வளவு பேர் முன்னாடி நான் என்ன சொன்னேன்?"

"நீ சொன்னது நல்லா இருந்துச்சு. எல்லாரும் அழுதாங்க. இந்தப் பக்கம் பிடி."

அண்ணன் வாயைத் திறந்தான். அவள் மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்தான். அவளால் தூக்க முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது போலிருந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்தான்.

அண்ணன், பக்கத்து வீட்டு டிரைவர், விற்பனையாளர், வண்டியில் வந்த ஆள் என்று நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். படி குறுகல். இரண்டு இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். "யப்பா, என்னா கனம்" என்றார் டிரைவர். அண்ணன் மறுபடி குனிந்து பிடித்தான்.

முந்தின நாள் அதே படியில் அப்பாவைக் கீழே இறக்கியது அண்ணனும் டிரைவரும் மட்டும்தான். நடுவில் எங்கும் வைக்க வேண்டியிருக்கவில்லை.