பெஞ்சில் போட்ட துண்டு

அப்பாவின் துண்டு மேல் இந்நேரம் யாராவது உட்கார்ந்திருப்பார்களோ? மிளகாய்க் கறை மேலே தெரியும்படி விரித்தாரா, உள்ளே வைத்து மடித்தாரா? அந்த வகுப்பறையைப் பெருக்க வருகிறவள் அதை என்னவென்று நினைப்பாள்?

ஞானசெல்வி மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, உளுந்தில் ஒரு கல்லும் பொறுக்காமல் உட்கார்ந்திருந்தாள். முன்னால் கடை, பின்னால் வீடு. கடையில் அவள் அப்பா தவசிமுத்து மூன்றாவது ஆளுக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ராயபுரத்தில் பருப்பும் மிளகாய் வத்தலும் மொத்தமாக விற்கிறவர், காலையில் டிராம் மாறி மாறிப் பட்டணத்தின் தெற்குக் கோடியில் இருக்கும் ஒரு பெண்கள் கல்லூரிக்குப் போய் வந்திருந்தார். எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் இன்னும் வரவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் சிபாரிசு செய்கிற பெண்களுக்கு அந்தக் கல்லூரி இப்போதே இடம் தருமாம். ஒரே நிபந்தனை. வேறு எந்தக் கல்லூரிக்கும் மனுப் போடுவதில்லை என்று தகப்பனும் பெண்ணும் கையெழுத்துப் போட வேண்டும்.

அப்பாவுக்கு அந்த நிபந்தனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. மண்டியிலும் அதுதானே வழக்கம். ஒரு மூட்டை மேல் ஒருவர் துண்டைப் போட்டுவிட்டால் மற்றவர்கள் அதன் கிட்டே போக மாட்டார்கள். போட்டவரும் பிறகு பின்வாங்கக் கூடாது. அந்தப் பழக்கத்தில்தான், திரும்பும்போது ஒரு வகுப்பறை திறந்து கிடந்ததைப் பார்த்து உள்ளே நுழைந்தவர், முதல் பெஞ்சில், ஜன்னலோரமாக, தோளில் கிடந்த துண்டைப் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

அம்மா தேவப்பிரியத்துக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "காலேஜ் திறக்கிற வரைக்கும் உங்க துண்டு அங்கனயேவா உக்காந்திருக்கும்?"

"இருக்கும்ளா. படிச்சவிய இடம். அடுத்தவன் துண்டைத் தொட மாட்டாவ."

பக்கத்துத் தெரு ராஜாத்திக்கு அதற்குள் சேதி போய்விட்டது. ஞானசெல்வியோடு ஒரே வகுப்பில் படித்தவள். கொல்லைப்புறக் கதவு வழியாக வந்து, முறத்துக்கு எதிரே சம்மணம் போட்டாள்.

"இன்னாடி, உங்க நைனா காலேஜுக்கே துண்டு போட்டுகினு வந்துட்டாராமே. அது மேல குந்துற பொண்ணு பாவம்டி. மொளகா காரம் ஏறி ஒரு வாரம் நின்னுகினேதான் படிக்கணும்."

ஞானசெல்வி சிரித்தாள். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"மூஞ்சி ஏன் அப்டி கீது? கூப்ட்டு எடம் குடுக்குறான். புடிச்சிக்கினு போவியா."

"அங்கே ஹிஸ்டரி குரூப் மட்டும்தான்."

"அதுக்கு இன்னா?"

அதுக்கு என்ன என்பதை ஞானசெல்வி யாரிடமும் சொல்லவில்லை. இந்த வீட்டில் ஓர் ஆசையை வாய்விட்டுச் சொன்னால் அது மத்தியானத்துக்குள் கடைத்தெருவைச் சுற்றி வந்துவிடும். கணக்குப் பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்தபோது கால் தரையில் பாவவில்லை. கடைசிக் கணக்கு ஒரு முடிச்சு அவிழ்கிற மாதிரி கைக்குள்ளேயே அவிழ்ந்திருந்தது. அந்த மார்க்கு வந்தால், கணக்கும் சயன்ஸும் இருக்கிற இன்னொரு கல்லூரிக்கு மனுப் போடலாம். அங்கே மார்க்கைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். மார்க்கு வராவிட்டால் அதுவும் இல்லை, இதுவும் இல்லை. முறம்தான்.

இப்போதே தன்னை வேண்டும் என்று ஒரு கல்லூரி சொல்வது அவளுக்கும் இனிக்கத்தான் செய்தது. அந்த இனிப்பை நினைக்கும்போதெல்லாம் பெட்டிக்குள் வைத்த கருப்பட்டியைத் திருட்டுத்தனமாக நக்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. அப்படியும் வேண்டாம் என்று ஒரு குரல் உள்ளே கேட்டது. அது தைரியமா, வெறும் திமிரா? இந்த வியாபாரத்தில் நான் வாங்குகிறவளா, மூட்டையா? அதுவே அவளுக்குத் தெளிவாகவில்லை.

சாயங்காலம் காஜா மொய்தீன் துவரம்பருப்பு வண்டியோடு வந்தார். அவரிடம்தான் அப்பா எப்போதும் சரக்கு எடுப்பது.

"அண்ணே, பாக்கவே வாணாம். அத்தினியும் தங்கம். தோஸ்து சொல்றேன், துண்டைப் போடுங்க."

அப்பா தோளைத் தடவினார். துண்டு இல்லை. "துண்டு காலேஜுக்குப் போயிருக்கு பாய்" என்றவர் குத்தூசியை எடுத்து முதல் மூட்டையில் சொருகினார். அதன் குழிவான தண்டு வழியாகப் பருப்பு உள்ளங்கையில் வந்து விழுந்தது. ஒன்றை வாயில் போட்டுக் கடித்தார். அடுத்த மூட்டை. அதற்கடுத்தது.

"என்னண்ணே, என் மேலயே நம்பிக்கை இல்லியா?"

"உம்ம மேல இருக்கு. மூட்டை மேலதான் இல்ல. எங்க ஆத்தா கட்டி அனுப்பின மூட்டைன்னாலும் குத்திப் பாக்காம துண்டு போட மாட்டேன்."

நடைவாசலில் நின்றிருந்த ஞானசெல்விக்கு யாரோ பின்னாலிருந்து லேசாகத் தட்டியது போல இருந்தது.

வண்டி போனதும் அப்பா, கல்லூரியில் கொடுத்தனுப்பிய மனுவையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். அவர் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. இதற்காகவே நிதானமாக, கடையில் போடுவதைவிடப் பெரிதாகப் போட்டிருந்தார்.

"இதுக்குக் கீழே நீ போடுட்டி. காலையில கொண்டு குடுத்திருதேன்."

அவள் பேனாவை வாங்கினாள். மூடியைத் திறக்கவில்லை.

"ரிசல்ட் வரட்டும்பா. கணக்கில என்ன வருதுன்னு பாத்துட்டு, சயன்ஸ் இருக்கிற காலேஜுக்குப் போடுதேன்."

சொல்லிவிட்டாள். தன் குரலைத் தானே வெளியிலிருந்து கேட்டது போல இருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"சயன்ஸா? எப்பத்துல இருந்து?" என்றார் அப்பா. "அங்க கிடைக்காட்டி?"

"உளுந்து பொறுக்குதேன்."

"பொறுக்கின லட்சணத்தைத்தான் பாத்தேனே" என்றாள் அம்மா.

அப்பா சிரிக்கவில்லை. "உறுதியா வார இடத்தை விட்டுட்டு யாராவது நிப்பாவளா?"

"நீங்க குத்திப் பாக்காம வாங்குவியளாப்பா?"

அப்பா கடைப் பக்கம் திரும்பி, பருப்பு மூட்டைகளைப் பார்த்தார். அவை தனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டன என்பது போல.

"காலேஜும் துவரம்பருப்பும் ஒண்ணா? அதுக்குள்ள வேற ஆள் வந்து துண்டு போட்டுட்டா?"

"போடட்டும்பா."

பேனாவை அவர் சட்டைப்பையில் திரும்பச் செருகினாள். வெறுமையாக இருந்த அவர் தோளை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"நாளைக்கு டிராம்ல போயி, அந்தத் துண்டை எடுத்துட்டு வந்திருங்கப்பா" என்றாள்.