வாழைக்கு வைத்த ஒப்பாரி

பக்கிரிசாமியைச் சயாமுக்கு அனுப்பப் போகிறார்கள் என்ற சேதியை முனியாண்டிக் கங்காணி காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது, மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்கிறவரின் குரலில் சொன்னார். அடுத்த லோரியில் அவன் ஏற வேண்டும். ரயில்பாதை போடும் வேலையாம். சோறும் கூலியும் உண்டென்று ஜப்பான்காரன் சொல்கிறானாம். கோலா கெத்தில் பக்கத்திலிருந்த அவர்களுடைய ரப்பர் தோட்டத்திலிருந்து முன்னே போனவர்களில் ஒருவரும் திரும்பி வரவில்லை என்பதை அவரும் சொல்லவில்லை. கேட்டு நின்றவர்களும் சொல்லவில்லை.

செல்லாயி லயத்து வீட்டுக்குத் திரும்பி, மரவள்ளிக்கிழங்கை அடுப்பில் ஏற்றிவிட்டு, அது வேகும்வரை அழுதாள். வெந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு புருசனைப் பார்த்தாள்.

"ஏங்க, உங்கப்பா சண்டைக்குப் போனவருன்னு சொல்வீங்களே, அது நெசமா, கள்ளுக்கடைக் கதையா?"

"கள்ளுக்கடையில சொன்னா நெசம் பொய்யாயிடுமா?" என்றான் பக்கிரிசாமி. "பஸராவுல வெள்ளைக்காரனோட நின்னு சண்டை போட்டவருடி. முன்பல்லுகூடக் கத்திக்குத்துல போனது."

அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. சுங்கைப் பட்டாணியில் வீரர் வம்சச் சங்கம் என்று ஒன்று கிளம்பியிருந்தது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியாக இருந்த நடராஜா அதற்குத் தலைவர். அப்பனோ பாட்டனோ போருக்குப் போன குடும்பத்து ஆண்கள் மட்டுமே அதில் சேரலாம். முந்தைய பெரும்போரில் ஜப்பானும் வெள்ளைக்காரனும் ஒரே பக்கம் நின்றவர்கள் என்பதை நடராஜா பட்டணத்து ஜப்பானிய அதிகாரிக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லி, உங்களோடு தோளுரசியவர்களின் பிள்ளைகளை மண் சுமக்க அனுப்புவது உங்களுக்கே அழகில்லை என்று வாதாடி, சங்கத்தார் வாரம் ஒருமுறை பட்டணத்தில் அணிவகுத்துப் பயிற்சி செய்தால் போதும், சயாமுக்குப் போகவேண்டாம் என்று உத்தரவு வாங்கியிருந்தார். பக்கத்துத் தோட்டத்து அழகேசன், ஏறிய லோரியிலிருந்து சட்டைமீது குத்தியிருந்த சங்கத்து மஞ்சள் நாடாவைக் காட்டி இறங்கி வந்ததைச் செல்லாயி தன் கண்ணாலேயே பார்த்திருந்தாள்.

"பதக்கம் இருந்தா காட்டணுமாம். இல்லேன்னா குடும்பத்துக்கு வெளியாளு ஒருத்தர் வாய்ச்சாட்சி சொல்லணுமாம்."

பக்கிரிசாமி கிழங்கைப் பிட்டபடி தலை குனிந்தான். பதக்கம் இருந்தது உண்மைதான். அதில் வெள்ளைக்கார ராசாவின் தலை இருந்ததால், ஜப்பான்காரன் சைக்கிளில் வந்து இறங்கிய அன்றே அதை ஆற்றில் வீசிவிட்டான்.

"வீசறதுக்கு முந்தி பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்னவாம்?"

"கேட்டிருந்தா நீ மட்டும் என்னா, கழுத்துல போட்டுக்கிட்டுத் திரிஞ்சிருப்பியா?"

அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சிரிப்பாக ஒரு நினைவும் வந்தது. அவள் கல்யாணமாகி வந்த சில நாளிலேயே மாமனார் சின்னையா இறந்துபோனார். முகம்கூடச் சரியாகப் பழகாத மனிதருக்காகப் பெண்களோடு தோள்கட்டி அழவேண்டிய புதுப்பெண், அழுகை வராத சங்கடத்தில், ராக்காயி வைத்த ஒப்பாரியை உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதில் பஸரா வந்தது. கப்பலும் வந்தது. மற்ற வரிகள் அவளுக்கு நினைவில்லை.

அடுத்த லயத்து ராக்காயி ரப்பர் மரங்களுக்கிடையே மரவள்ளிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாவுக்கும் அவள் குரல் இல்லாமல் பாடை நகராது. நாக்கும் குரலுக்குச் சளைத்ததல்ல.

"அக்கா, எங்க மாமனாருக்கு நீ வச்ச ஒப்பாரி ஞாபகம் இருக்கா?"

"இருக்காமெ? சின்னையா அண்ணன் படுக்கையில கெடந்தே எனக்கு மனப்பாடம் பண்ணி வச்ச பாட்டாச்சே! 'ராக்காயி, ஊருக்கெல்லாம் பாடறாப்பல எனக்கும் பொதுவாப் பாடிப்புடாதே, என் கழுதைங்களை விட்டுடாதே'ன்னு உயிரை வாங்கினாரு. தன் உயிரு போறதுக்கு முந்தி என் உயிரைப் பாதி எடுத்துட்டுத்தான் போனாரு மனுசன்."

"அதை அப்படியே பட்டணத்துக்கு வந்து சொல்லிடுக்கா. இவரு லோரி ஏறாம இருக்கணும்னா அது ஒண்ணுதான் வழி."

ராக்காயி மண்வெட்டியை ஊன்றி, வாயைத் திறந்து, மூடினாள். மறுபடி திறந்தாள். "பேச்சா வர மாட்டேங்குதுடி. கழுதை வருது, கப்பல் வருது, எது முந்தி எது பிந்தின்னு தெரியல. பாட்டா வந்தாத்தான் ஒழுங்கா வரும்."

"அப்போ பாடு."

"ஏன்டி, புத்தி கெட்டுப்போச்சா? பொணம் இல்லாம ஒப்பாரி வச்சா அது யாரு தலையில போய் விழும்? உன் புருசன் தலையிலயா, என் தலையிலயா?"

அதற்குமேல் அவளை அசைக்க முடியாதென்று செல்லாயிக்குத் தெரியும். சாவு இல்லாத இடத்தில் சாவுப்பாட்டைப் பாடுவது, விருந்துக்கு ஆளை அழைப்பதுபோல் சாவை அழைப்பது என்று லயத்தில் எல்லோரும் நம்பினார்கள், செல்லாயியும் நம்பினாள். செய்வதறியாமல் அவள் நின்ற இடத்துக்கு எதிரே, குலை வெட்டிய வாழை ஒன்று சாயத் தயாராக நின்றது.

"அக்கா, தோசம் இருக்கிறவனுக்கு முதல்ல வாழைக்குத் தாலி கட்ட வச்சு, அதை வெட்டிப் போட்டுத் தோசத்தைக் கழிக்கிறாங்கல்ல? தாலிக்கு ஆளா நிக்கிற வாழை பாடைக்கு ஆளாப் படுக்காதா?"

ராக்காயி புகையிலையைத் துப்பிவிட்டு, வாழையையும் செல்லாயியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீ படிச்சிருந்தா இந்நேரம் வக்கீலு. சரி, வெட்டு. குலை ஈன்ற வாழை, அதுவும் வாழ்ந்து முடிச்சதுதான்."

மறுநாள் தோட்டத்து மாட்டுவண்டியில் வாழை சுங்கைப் பட்டாணிக்குப் புறப்பட்டது. பக்கிரிசாமியின் கல்யாண வேட்டியை அதற்குச் சுற்றியிருந்தார்கள். அவன் வண்டியை ஓட்ட, பின்னால் இரண்டு பெண்களும் அதன் இருபுறமும் உட்கார்ந்திருந்தார்கள். சந்திப்பில் வயதான மலாய்க்காரர் ஒருவர் தலையிலிருந்த சொங்கோக் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வண்டியை நெருங்கினார்.

"சியாப்பா மாத்தி?" என்று மெல்லக் கேட்டார். யார் இறந்தது?

பக்கிரிசாமி திணறினான். உயிரோடிருக்கும் எவர் பெயரையும் சொல்ல வாய் வரவில்லை. பொய் சொல்லவும் தெரியவில்லை.

"பீசாங்" என்றான். வாழை.

அவர் வேட்டியைப் பார்த்தார். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கும் செல்லாயியைப் பார்த்தார். துக்கத்தில் இந்தக் குடும்பத்துக்குச் சித்தம் கலங்கிவிட்டதென்று முடிவு செய்தவர்போல், சொங்கோக்கை அணிந்து, நெஞ்சில் கைவைத்து வழிவிட்டார்.

சங்கம் கூடுகிற இடம் ஹபீப் முகம்மதுவின் அரிசிக்கடைப் பின்கட்டு. அந்தக் கடையில் அரிசியைத் தவிர அரிசிக்கடைக்கு உரிய அனைத்தும் இருந்தன. பாட்டனார் வாளேந்திய கதையால் சங்கத்தில் இடம்பெற்றவர் பாய். வாழை உள்ளே வந்து தரையில் கிடத்தப்பட்டதைப் பார்த்து அவர் நடராஜாவிடம் குனிந்தார்.

"கிராணி, சாட்சி கொண்டான்னா மரத்தைக் கொண்டாந்திருக்காங்க."

செல்லாயி விவரத்தைச் சொன்னாள். நடராஜா சிரிக்கவில்லை. நரைத்த மீசையும் தேய்த்த சட்டையுமாக விறைத்து உட்கார்ந்திருந்தவர், தொடங்கலாம் என்று கையசைத்தார். ராக்காயி தலைமயிரை அவிழ்த்துவிட்டு, வாழையின் அருகே குந்தி, மார்பில் கைவைத்து எடுத்தாள்.

"பத்துக்கட்டு மாளிகையாம், பவளமணித் தூணுகளாம்,
பட்டத்து யானையேறிப் பவனிவந்த ராசாவே..."

"ஒரு நிமிசம்மா" என்றார் பாய். "லயத்து வீட்டுல அந்த யானையை எங்கே கட்டியிருந்தாரு?"

ராக்காயி கண்ணைத் திறக்கவில்லை. "முதல் ரெண்டு வரி எல்லாருக்கும் யானைதான் பாய். செத்தவருக்குக் கொஞ்சம் மரியாதை வேணாமா? மூணாம் வரியிலதான் ஆளு வருவாரு."

மூன்றாம் வரியில் ஆள் வந்தார்.

"கப்பலேறிப் போனவரே, கடல்கடந்து நின்னவரே,
பஸரா மணல்காட்டில் பாரவண்டி விட்டவரே,
குண்டுவிழும் நேரத்திலும் கோவேறு கழுதைக்குக்
கொள்ளு நனைச்சுவச்சுக் கூடநின்ன அய்யாவே!
ஒத்தைக்காது பொன்னியம்மா ஒதைச்சபல்லு போனதய்யா,
போனபல்லைத் தேடாமப் பொன்னியைநீ தேடினையே!"

"பல்லா?" என்று பக்கிரிசாமி வாய்விட்டுக் கத்தினான். "கத்திக்குத்துன்னு சொன்னாரே! கழுதை ஒதைச்சதா?"

செல்லாயி அவன் தொடையைக் கிள்ளினாள். ஆனால் அவளுக்கும் உள்ளே என்னவோ நெகிழ்ந்தது. பிணமாக மட்டுமே அவளுக்கு நினைவிருந்த மாமனார், ஓட்டைப்பல் தெரியச் சிரித்துக்கொண்டு, ஒற்றைக் காதுக் கழுதை ஒன்றைத் தேடி மணலில் ஓடுவதை அவள் பார்த்தாள். புதுப்பெண்ணாக அன்று வராத அழுகை இன்று தானாக வந்தது.

பாட்டு அடங்கியதும் பாய் தொண்டையைச் செருமினார். "பஸராவுக்குப் போனாருங்கிறதுல எனக்குச் சந்தேகம் இல்ல. யானையை யாரு வேணும்னாலும் இட்டுக்கட்டலாம். இந்தக் கழுதையை இட்டுக்கட்ட முடியாது. ஆனா கிராணி, துப்பாக்கி பிடிச்சவங்க வம்சத்துக்குத்தானே நம்ம சங்கம்? கழுதை மேய்ச்சதைச் சேர்த்துக்க முடியுமா?"

செல்லாயிக்கு லோரியின் இரைச்சல் காதில் கேட்டது. எழுந்து நின்றுவிட்டாள். "பாய், துப்பாக்கிக்குக் குண்டு என்னா தானா நடந்தா போச்சு? எங்க மாமனாரு கழுதைதான் சுமந்துட்டுப் போச்சு. குண்டு விழுற எடத்துல கையில ஒண்ணுமில்லாம நின்னவருக்குத் துணிச்சல் குறைச்சலா?"

பாய் நடராஜாவைப் பார்த்தார். நடராஜாவோ வாழையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொணம் இல்லாமலும் அழலாமா?" என்று கேட்டார். அவரே தொடர்ந்தார். "எங்கப்பாவும் அதே சண்டைக்குப் போனவருதான். பதக்கம் மட்டும் தபால்ல வந்துச்சு. அழுவறதுக்குப் பொணம் இல்லேன்னு சாதிசனம் ஒருத்தரும் அழலே. எங்கம்மா சாகிறவரைக்கும் பொட்டை அழிக்கலே, வாசலைப் பார்க்கிறதையும் நிறுத்தலே. வாழையைக் கிடத்தலாம்னு அப்போ சொல்றதுக்கு ஒரு ஆளு இல்லாமப் போச்சேம்மா."

அவர் எழுந்து, மேசையிலிருந்த மஞ்சள் நாடா ஒன்றை எடுத்து, பக்கிரிசாமியின் சட்டையில் தம் கையாலேயே குத்தினார். "லோரி வந்தா இதைக் காட்டு தம்பி. அதுக்கு மேலயும் கங்காணி பேசினா, நானே வர்றேன்." பிறகு ராக்காயிக்கு எதிரே, தேய்த்த சட்டை கசங்கத் தரையில் உட்கார்ந்தார். "அந்த வாழையை இன்னும் கொஞ்ச நேரம் கிடத்தியிருக்கலாமா?"

"கெடக்கட்டும் கிராணி" என்றாள் ராக்காயி. அவள் குரலில் முதன்முறையாகக் குத்தல் இல்லை. "அப்பாவைப் பத்தி ஒண்ணு சொல்லுங்க."

"ரொம்பச் சின்னப் பிள்ளை நான். ஒண்ணுதான் ஞாபகம். என்னைத் தோள்ல ஏத்தி, 'விழுந்துடாதே, என் காதைப் பிடிச்சுக்க'ன்னு சொல்வாரு."

"அது போதும்" என்று மார்பில் கைவைத்தாள் ராக்காயி.

"அம்மா" என்று பாய் குறுக்கிட்டார். எல்லோரும் திரும்பினார்கள். அவர் தோள்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கிராணி அப்பாவுக்கு ரெண்டு யானையாக் கட்டும்மா."

இரண்டு யானைகள் வந்தன. பிறகு ஒரு தோள் வந்தது; அதன்மீது காதைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை வந்தது. செல்லாயி ராக்காயியின் தோளைக் கட்டிக்கொண்டு, பெயர்கூடத் தெரியாத அந்த மனிதருக்காகவும் அழுதாள்.

பாடி முடித்த பின் வாழையை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஆற்றில் விடவேண்டும் என்றாள் ராக்காயி. நல்ல தண்டு, பொரியல் ஆகும் என்று முணுமுணுத்த பக்கிரிசாமியை மனைவியின் பார்வை அடக்கியது. முன்பக்கத்தில் நடராஜா தோள் கொடுத்தார். இத்தனை காலம் அவருக்கு வாய்க்காத பாரம் அது. பின்பக்கத்தைப் பக்கிரிசாமி தாங்கினான். தெருவில் சைக்கிளை மிதித்து வந்த மலாய் வாலிபன் ஒருவன், வெள்ளைத்துணியைக் கண்டு இறங்கி நின்றான்.

"சியாப்பா மாத்தி?"

"பீ..." என்று தொடங்கிய பக்கிரிசாமியின் இடுப்பில் செல்லாயியின் விரல் அழுந்தியது.

"பாபாக் சாயா" என்றார் நடராஜா. என் அப்பா.

வாலிபன் தலைகுனிந்து நின்றான். செல்லாயி, மஞ்சள் நாடா குத்திய தோளுக்குப் பக்கத்திலேயே, ஆறுவரை நடந்தாள்.