பேச்சில்லாத வீட்டுச் சாவு

மூக்காயியின் சாவை விசாரிக்கிற ஐந்து பஞ்சாயத்தாரில் ஒருத்தியாகக் கண்ணாத்தாளைத்தான் போட வேண்டும் என்று சப்-இன்ஸ்பெக்டர் நிலவழகன் சொன்னபோது அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அவர் சொன்ன காரணமோ ஊரே தலையாட்டுகிற காரணம். பக்கத்து வீட்டுக்காரி, ஆனால் அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை கிடையாது. யார் பக்கமும் சாய்ந்து பேச மாட்டாள்.

பேச்சுவார்த்தை கிடையாது என்றால் லேசுப்பட்டதில்லை. மூக்காயி வேறு யாருமில்லை, கண்ணாத்தாளின் புருஷன் உதயசூரியனுடைய கூடப்பிறந்த அண்ணன் பெண்டாட்டி. பொதுக்கிணற்றில் யார் மோட்டார் என்றைக்கு ஓடுவது என்று தொடங்கிய சண்டை, மண்வெட்டியை ஓங்குகிற அளவுக்குப் போனது. "இனி அந்த வீட்டு நல்லது கெட்டது எதுக்கும் நாம கிடையாது. மீறி நீ போனா, நீயும் எனக்குக் கிடையாது" என்று உதயசூரியன் அய்யனார் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டார். அதற்கப்புறம் ஒரே வேலிக்கு இங்கிட்டும் அங்கிட்டுமாக இரண்டு பெண்களும் துணி காயப்போட்டார்கள், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல். ஆண்கள் போடுகிற சண்டைக்குப் பெண்கள் வாயைத்தானே பூட்டுகிறார்கள்! அண்ணன் செத்தபோதுகூட உதயசூரியன் வேலியைத் தாண்டவில்லை.

அன்று காலை உதயசூரியன் பொன்னமராவதிக்கு உரம் வாங்கப் போயிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் மருமகள் ஹரிணி, "ஐயோ, அத்தை!" என்று அலறிய சத்தம் கேட்டதும் கண்ணாத்தாளுக்குச் சத்தியமும் நினைவில் இல்லை, சூடமும் நினைவில் இல்லை. வேலிச் சந்தில் புகுந்து ஓடினாள். கட்டிலில் மூக்காயி மல்லாந்து கிடந்தாள். உயிர் போய்விட்டிருந்தது. வாய் ஆவென்று திறந்திருந்தது.

ஹரிணியின் புருஷன் திருமுருகன் துபாயில். வீட்டில் அவளும் அவளுடைய சின்னப் பெண்ணும்தான். ஹரிணி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள். உடம்பு விறைப்பதற்குள் வாயைக் கட்டியாக வேண்டும் என்பது கண்ணாத்தாளுக்குத் தெரியும். கொடியில் கிடந்த நைலக்ஸ் சேலையின் கரையைக் கிழித்துத் தாடைக்கு அடியில் கொடுத்தாள். தெருவில் ஏதோ பைக் சத்தம். தன் புருஷன்தான் வந்துவிட்டாரோ என்று வாசலைத் திரும்பிப் பார்த்தாள். வழவழத்த துணி தாடையிலிருந்து வழுக்கிக் கழுத்துக்கு இறங்கியது. இறங்கியதைக்கூடப் பார்க்காமல் இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"நான் வந்தேன்னு யார்கிட்டயும் சொல்லிறாத தாயி. எம் பொழப்பு போயிரும்" என்று ஹரிணியின் கையைப் பிடித்துக் கெஞ்சிவிட்டு, வந்த சந்து வழியாகவே திரும்பி ஓடிவிட்டாள்.

பிறகு வந்த பெண்கள் அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டு வெள்ளைத்துணியால் முறையாகக் கட்டினார்கள். மகள் பரிமளா திருக்கோகர்ணத்திலிருந்து வந்து ஆத்தா மேல் விழுந்து அழுதபோதுதான் கழுத்தில் தடம் இருப்பதைப் பார்த்தாள். முந்தின நாள் சாயங்காலம், ஹரிணி ஜவுளிக்கடை வேலைக்குப் போவது பற்றி மாமியாருக்கும் மருமகளுக்கும் தெருவே கேட்கச் சண்டை நடந்திருந்தது. "என்னையக் கொன்னுட்டுப் போடி" என்று மூக்காயி கத்தியது எல்லார் காதிலும் விழுந்திருந்தது. அது போதாதா? பரிமளா போலீசுக்குப் போன் போட்டாள்.

பந்தலுக்கடியில் ஐந்து நாற்காலி போட்டார்கள். ஊரில் மூத்தவரான பிச்சைமுத்து உட்காரும்போதே முனகினார். "சாவு எப்படின்னு சொல்ல நாங்க என்ன டாக்டரா சார்?"

"அந்தக் காலத்துல மெட்ராஸ், பம்பாய்ல இதுக்குன்னே கரோனர்னு ஒரு அதிகாரி இருந்தாருங்கய்யா. சந்தேகச் சாவுன்னா ஆளுங்கள வரவச்சு விசாரிப்பாரு. இப்ப அவரும் இல்ல, அந்த ஆபீசும் இல்ல. ஊருக்கு நீங்க அஞ்சு பேருதான். நீங்க சொல்றதையும் எழுதித்தான் டாக்டருக்கு அனுப்பணும்" என்றார் நிலவழகன்.

ஐந்து பேரும் கழுத்தைப் பார்த்தார்கள். கண்ணாத்தாள் பார்க்காமலே பார்த்தாள். பிச்சைமுத்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "எனக்குச் சந்தேகமாத்தான் இருக்குங்க" என்றார். மற்ற மூன்று பேரும் அதையே சொன்னார்கள்.

நிலவழகன் ஹரிணியைக் கூப்பிட்டார். "இது என்னம்மா தடம்?"

"வாய்க்கட்டுங்க சார். உசுரு போனதும் கட்டுனது."

"யாரு கட்டுனா?"

ஹரிணி ஒரு கணம்கூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. "நான்தாங்க."

"எப்படிக் கட்டுன? இந்தா, ஐயா தலையில கட்டிக் காட்டு."

ஹரிணி துண்டை வாங்கினாள். பிச்சைமுத்துவின் நெற்றியில் சுற்றினாள், எடுத்தாள், காதோரமாகக் கொண்டுபோனாள், மறுபடி எடுத்தாள். ஆயுசில் ஒரு பிணத்துக்கும் அவள் வாய் கட்டியதில்லை என்பது சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும். "பாத்தீங்களா, பொய் சொல்றா!" என்று பரிமளா மார்பில் அடித்துக்கொண்டாள்.

"ஸ்டேஷனுக்கு வந்து பேசிக்கலாம். ஏறும்மா" என்றார் நிலவழகன். பெண் போலீஸ் ஹரிணியின் தோளைப் பிடித்தாள். சின்னப் பெண் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு வீறிட்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் உதயசூரியன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பந்தலில் பெண்டாட்டி உட்கார்ந்திருப்பது போலீஸ் உத்தரவு என்பதால் பொறுத்துக்கொண்டு நிற்கிறார். கண்ணாத்தாள் அவரைப் பார்த்தாள். சொன்னால் வீடு இல்லை. சொல்லாவிட்டால் இந்தப் பெண் ஜீப்பில் ஏறுவாள். அப்புறம் டாக்டர் என்ன சொன்னாலும் மாமியாரைக் கொன்றவள் என்ற பேர் போகாது. தான் கெஞ்சிக் கேட்டதற்காகத்தானே இவள் ஏறப்போகிறாள்? இத்தனைக்கும் இன்றைக்குக் காலைக்கு முன்னால் இவளோடு ஒரு வார்த்தை பேசினதில்லை. அட பாவி, உன் வாயில் என்ன கொழுக்கட்டையா என்று தன்னையே திட்டிக்கொண்டு எழுந்தாள்.

"அவளை விடுங்க சார். நான்தான் கட்டினேன்."

நிலவழகன் அவள் பக்கம் திரும்பினார்.

"நைலக்ஸ் துணி, வழுக்கிருச்சு. பயத்துல பாக்காம இறுக்கிட்டேன். யாருக்கும் தெரியக் கூடாதுன்னு இந்தப் புள்ளகிட்ட சத்தியம் வாங்காத கொறையா கெஞ்சினேன். அதான் எம் பேரச் சொல்லாம நிக்கிறா."

"பேச்சுவார்த்தை இல்லைன்னாங்களே?"

"ஆமாங்க. இத்தனை வருஷமா எங்கூடப் பேசாத வாயி. தொறந்து கெடந்துச்சு. பாத்துக்கிட்டு நிக்க முடியல."

நிலவழகன் துண்டைக் கொடுத்தார். அவள் பிச்சைமுத்துவின் தாடைக்கு அடியில் கொடுத்து உச்சியில் முடிந்து காட்டினாள். எங்கே வழுக்கியது, எப்படி இறங்கியது என்றும் காட்டினாள். தடமும் அதே இடத்தில்தான் இருந்தது. வீட்டுக்குள்ளிருந்து அந்தக் கிழிசல் கரையையும் ஹரிணி எடுத்துவந்து கொடுத்தாள்.

"அப்ப நீங்க பஞ்சாயத்தார் இல்லம்மா, சாட்சி. அங்கிட்டுப் போயி உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, நிலவழகன் டீக்கடைக்காரரைக் கூப்பிட்டு ஐந்தாவது நாற்காலியில் உட்காரவைத்தார். பெண் போலீஸ் ஹரிணியின் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

கண்ணாத்தாள் வேலிப் பக்கம் பார்த்தாள். உதயசூரியன் இல்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள். அதற்கு மேல் பயப்பட ஒன்றும் மிச்சமில்லை. பெண்கள் கூட்டத்தில் போய் உட்கார்ந்து, "அக்கா, எந்திரிச்சு எங்கிட்ட ஒரு வார்த்தை பேசு அக்கா" என்று வாய்விட்டு அழுதாள். இரவும் அங்கேயே கிடந்தாள்.

மறுநாள் உடம்பு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தது. மாரடைப்பு, கழுத்துத் தடம் உயிர் போனபின் விழுந்தது என்று டாக்டர் சொல்லிவிட்டதாக நிலவழகன் பரிமளாவிடம் சொன்னார். பரிமளா முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு ஹரிணியிடம் போய் அவள் கையைப் பிடித்துத் தன் கன்னத்திலேயே அடித்துக்கொண்டாள். ஹரிணி கையை இழுத்துக்கொண்டு அவளைக் கட்டிக்கொண்டாள்.

பிணத்தை எடுத்ததும் பெண்கள் தெருமுனையோடு திரும்பினார்கள். கண்ணாத்தாள் தன் வீட்டு வாசலுக்கு வந்தாள். கதவு சாத்தியிருந்தது. தள்ளிப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள்.

வெகுநேரம் கழித்து உதயசூரியன் வந்தார், சுடுகாட்டுக்குப் போன ஆண்கள் வருகிற வழியாக. தலை ஈரம், வேட்டி ஈரம். கண்ணாத்தாள் எழுந்து நின்றாள். இவர் எங்கே குளித்தார், எதற்குக் குளித்தார் என்று புரிய அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"மதினிக்கு வாய்க்கரிசி போட்டேன்" என்றார் அவர். அப்படியே அவள் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்தார்.

"எங்க அண்ணனுக்குப் போடலையே புள்ள" என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கி அழுதார்.