கட்சி இல்லாதவரின் சவப்பெட்டி

1

இந்தக் கதை ஒரு சாவு வீட்டில் கிடைத்தது. எங்கள் பராகுவேயில் ஜெனரல் போய் ஜனநாயகம் வந்த புதிது. முதல் வரியை இப்படி எழுதினேன்: ‘சர்வாதிகார இருளைக் கிழித்து, வாக்காளன் என்னும் சூரியன்...’

(அடித்துவிட்டேன். அன்று மழை.)

2

எங்கள் ஊரில் சிவப்பு, நீலம் என்று இரண்டு கட்சி; பிள்ளை ஞானஸ்நானத்துக்கு முன்பே ஏதாவதொன்றில் சேர்ந்துவிடும். செத்தால் கட்சிக்காரர்கள் வந்து, கட்சியின் கழுத்துக்குட்டையைப் பெட்டிமேல் விரித்துத் தூக்கிப் போவார்கள். குட்டை இல்லையென்றால் தூக்க ஆள் இல்லை. முடிதிருத்தும் போனிஃபாசியோ, சிவப்புக் குட்டை கட்டிய கழுத்தையும் நீலக் குட்டை கட்டிய கழுத்தையும் ஒரே கத்தியால் மழித்தவர். வாக்கை மட்டும் எந்த நிறத்துக்கும் எழுதிக்கொடுக்கவில்லை. “என் மேல எவன் துணியையும் போட விட்றாதடி” என்று மனைவி எவுடோசியாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கண்ணை மூடினார்.

(இப்படி ஒருவர் இருந்திருப்பாரா? எனக்கே சந்தேகம்தான். ஆனால் என் கிருதாவைக் கோணலாக வெட்டியவர் அவர்.)

3

சிவப்புத் தலைவர் கிறிசாந்தோ குட்டையோடு வந்தார். “அக்கா, இவரு அப்பா எங்க ஆளு. ரத்தம் பொய் சொல்லாது.”

“அம்மா எங்க ஆளு. பால் மட்டும் பொய் சொல்லுமாய்யா?” என்றார் நீலத் தலைவர் எலாடியோ.

“உசுரோட இருந்தப்ப ரெண்டு பேரும் துரோகின்னீங்க. இப்பப் பங்கு பிரிக்கிறீங்களா?” என்றாள் எவுடோசியா.

அப்போது தலைநகரிலிருந்து ஜீப்பில் ஓர் இளைஞர் இறங்கினார். கையில் மஞ்சள் குட்டை. “நாங்க கட்சி சாராதோர் இயக்கம்மா. இவரு எங்காளு.”

“கட்சி இல்லாதவங்களுக்கு ஒரு கட்சியா தம்பி?”

“ஆமாம்மா. உறுப்பினர் அட்டைகூட அடிச்சாச்சு.”

பெட்டிக்குள் சிரிப்பொலி கேட்டது.

(மிகை. எடுத்துவிடுகிறேன்.)

4

முடிவு ஒன்று: மூன்று குட்டைகளையும் சேர்த்துத் தைத்துப் போர்த்துகிறார்கள். பேராசிரியர்கள் இதைத் ‘தேசிய ஒருமைப்பாடு’ என்பார்கள். எவுடோசியா என் முகத்தில் விழிக்கமாட்டாள்.

முடிவு இரண்டு: அவள் அழுதுகொண்டே ஏதோ ஒரு நிறத்துக்குச் சம்மதித்து...

இல்லை. அவள் சொன்னது இதுதான்: “துணி வேணாம். தூக்கறவங்க தூக்குங்க.”

மூன்று கட்சியும் மடித்த குட்டையோடு வாசலிலேயே நின்றன. மழை விட்டு வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பிணம் காத்திருக்காது.

பெட்டிக்கு நான்கு கைப்பிடி. ஒன்றை எவுடோசியா பிடித்தாள். இன்னொன்றை அவள் தங்கை. இருவரும் இப்போது என்னைப் பார்க்கிறார்கள். மூன்றாவதைப் பிடிக்க நான் பேனாவைக் கீழே வைத்தாக வேண்டும்.

நான்காவது காலி. வரும்போது உங்கள் கழுத்தில் ஏதாவது இருந்தால், அவிழ்த்துவிட்டு வாருங்கள்.