டேல் கங்கஸ் வாங்கிய அடிகள்

டேல் கங்கஸ் மேல் பட்ட அடி, முந்தின ராத்திரி அவன் எந்த வீட்டில் தூங்கினானோ அந்த வீட்டுச் சுவரில்தான் விழும். அவன் உடம்பில் ஒரு கீறல் இருக்காது. ஐஸ் ஹாக்கியில் எதிராளி ஓங்கி அடிக்கிற ரப்பர் வட்டுக்கு முன்னால் போய் விழுந்து மறிப்பது அவன் வேலை. கோல் போடத் தெரியாது. பத்து வயதிலிருந்து அவன் போட்டது மொத்தம் நான்கு, அதில் ஒன்று சொந்த வலைக்குள். மறித்த ஒவ்வொரு வட்டுக்கும் அவன் அம்மா எல்மாவின் வீட்டு வெளிச்சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு நீலமாகக் கன்றும். இரண்டு வாரத்தில் அது மஞ்சளாகி மறைந்தாலும் உள்ளே மரத்தில் விரிசல் நின்றுவிடும். இரும்புச் சுரங்கத்தில் செத்துப்போன அவள் புருஷன் தன் கையால் கட்டிய வீடு அது.

பதினாறு வயதில் வேறு ஊர் அணிக்கு ஆடப் போனான். அப்படிப் போகிற பையன்களை அந்த ஊர்க் குடும்பங்கள் வீட்டில் வைத்துச் சோறு போடுவது மினசோட்டாவில் வழக்கம். ஜனவரியில் அந்த வீட்டின் பின்சுவர் பிளந்தது. ஒரு டப்பா பிஸ்கட்டைக் கொடுத்து அவர்களே பஸ் ஏற்றிவிட்டார்கள். மரியாதையான மனிதர்கள், காரணம் கேட்கவில்லை.

சொந்த ஊரான பைக் பெண்டில் காலேஜ் இருந்தது, காலேஜுக்கு அணி இருந்தது, அணியில் ஊர்க்காரன் ஒருத்தன்கூட இல்லை. புதிதாக வந்த கோச் ரூனி கிழக்கே பாஸ்டன் பக்கத்து ஆள். நல்ல கோட்டு போட்டவர் என்பதாலேயே யாரும் அவரை நம்பவில்லை. அவர் ஒருநாள் எல்மாவின் வீட்டைச் சுற்றி வந்து கன்றல்களை விரல் விட்டு எண்ணினார். எல்மா கதவைத் திறந்து, "சுவருக்குப் பலகை விக்கிற ஆளா? போன வாரம்தான் ஒருத்தன் வந்துட்டுப் போனான், எனக்கு வேண்டாம்" என்றாள். டேலைத் தன் அணிக்குக் கேட்டு வந்திருக்கிறார் என்று புரிய இரண்டு காப்பி ஆயிற்று.

"கோல் போடுறவன எங்க வேணா புடிச்சிடலாம்மா. ரெண்டு வருஷத்துல அவன் பெரிய டீமுக்குப் போயிடுவான். ஒடம்பக் குடுத்து நிக்கிறவன் உள்ளூர்லதான் கெடைப்பான்" என்றார் ரூனி.

"ஒடம்ப அவன் குடுக்கல சார், நான் குடுக்கிறேன். அந்த உத்தரத்தைப் பாருங்க."

சமையலறைக்கு மேலே உத்தரம் நீளவாக்கில் வெடித்திருந்தது. இன்னொரு குளிர்காலத்து அடியைத் தாங்காது. சாப்பாட்டு மேசையில் டேல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வேறு எதுவும் வராது, வேறு எதுவும் வேண்டியதும் இல்லை. அது எல்மாவுக்கும் தெரியும். ஆனாலும் முடியாது என்றுவிட்டாள்.

பக்கத்து வீட்டு ரூடி பெர்கிச், சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறவர், இதைக் கேள்விப்பட்டு வந்தார். "வெள்ளி, சனிதானே ஆட்டம். அதுக்கு மொத ராத்திரி பையன எங்க வீட்டுக்கு அனுப்பு" என்றார்.

"எம்புள்ள வாங்குற அடி உன் சுவத்துல விழணுமா?"

"பதினாலு வருஷமா டிக்கெட் எடுத்துப் பாக்குறேன் எல்மா. பூரா கனடாக்காரனும் ஸ்வீடன்காரனும். ஒருத்தன் பேராவது வாயில நுழையுதா? அடி விழட்டும். என் வீடு ஏற்கனவே அசிங்கமாத்தான் இருக்கு."

எல்மா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பிறகு டேலின் தலையணையை வேலிக்கு மேலாக அவரிடம் கொடுத்தாள். அந்தக் குளிர்காலம் ரூடியின் வீடு, அடுத்த குளிர்காலம் பாதிரியார் வீடு, அப்புறம் வாரத்துக்கு ஒரு வீடு என்று ஆனது. மளிகைக் கடைச் சுவரில் முறை எழுதி ஒட்டினார்கள். யாரோ முறை தப்பி இரண்டு தடவை பெயர் எழுதினார் என்று சண்டைகூட வந்தது. வெளியூர் ஆட்டங்களில் விடுதிச் சுவர்கள் அடி வாங்கின. அது அவர்கள் பாடு.

நான்காம் வருஷக் கடைசி ஆட்டம் சொந்த ஊரில். எதிரணியில் ஒருவன் அடித்தால் வட்டு கண்ணுக்கே தெரியாது. எல்மா மளிகைக் கடைப் பட்டியலில் அந்த வாரத்துப் பெயரை அடித்துவிட்டாள். "இதுக்கு யாரையும் இழுக்க மாட்டேன். அவன் என் வீட்டுலயே தூங்கட்டும்" என்றாள். உத்தரத்தை அதுவரை யாரும் மாற்றவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் ரூனி வந்தார், நேராகப் படுக்கையறைக்குள் போய் டேலின் தலையணையை எடுத்துத் தன் காரில் போட்டார். எல்மா காரின் கதவைப் பிடித்துக்கொண்டாள். "ராத்திரி ஜன்னலைச் சாத்தி வைங்க சார், அவனுக்குச் சளி பிடிக்கும்" என்று சொல்லிவிட்டுக் கதவை விட்டாள்.

ஆட்டத்தில் தோற்றார்கள். டேல் பதினேழு வட்டுகளை மறித்தான். எல்மாவின் உத்தரம் முனகக்கூட இல்லை. ஞாயிறு காலை கோயில் முடிந்து ஊரே போய் ரூனியின் வாடகை வீட்டைச் சுற்றி நின்று கன்றல்களை எண்ணியது. வீட்டுச் சொந்தக்காரரும் வந்தார், பிளந்த பலகையில் கையை வைத்துப் பார்த்தார்.

"ஹாக்கியா?" என்றார்.

"ஆமா" என்றார் ரூனி.

"சரி" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போனார்.